உங்களை நீங்களே திட்டும் குரலை என்ன செய்வது? பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

அலுவலக மின்னஞ்சலில் தவறான கோப்பை இணைத்து அனுப்பிவிட்டீர்கள். அனுப்பிய அடுத்த நொடியே தெரிந்துவிட்டது. மேலாளர் என்ன சொல்வார் என்பதை இப்போதைக்கு விடுங்கள், அந்த முதல் பத்து நொடியில் நீங்கள் உங்களிடமே என்ன சொன்னீர்கள்? "ஐயோ, சரி, மாற்றி அனுப்பலாம்" என்றா? "ஒரு வேலையாவது உருப்படியாகச் செய்யத் தெரியுமா உனக்கு?" என்றா? இல்லை, ஒன்றுமே சொல்லாமல், வயிறு மட்டும் இறுக, அன்று ராத்திரி பதினொரு மணி வரை யாரும் கேட்காத வேலையையும் இழுத்துப்போட்டுச் செய்தீர்களா?

அந்தப் பத்து நொடியை மாற்றுவதைப் பற்றித்தான், அதாவது தன்பரிவைப் பற்றித்தான், இங்கே பேசப்போகிறோம். "உன்னை நீ நேசி" என்ற அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று "நான் போதுமானவள்" என்று தினமும் சொல்லச் சொல்கிறார்கள், பலருக்கு அது ஒட்டுவதே இல்லை, சிலருக்கு எரிச்சல்தான் மிச்சம், அப்புறம் "இதைக்கூட என்னால் ஒழுங்காகச் செய்ய முடியவில்லையே" என்று அதற்கும் சேர்த்துத் திட்டு விழுகிறது. காரணம் எளிது. அந்தக் கடுமையான குரல் ஒரு காலத்தில் ஒரு வேலைக்காக உள்ளே வந்தது. அது என்ன வேலை என்று பார்க்காமல் மேலே நல்ல வாக்கியங்களைப் பூசினால் நிற்காது. எல்லோருக்கும் ஒரே பயிற்சி என்பதும் சரிவராது.

முதலில், தன்பரிவு என்று எதைச் சொல்கிறோம் என்பது தெளிவாக இருக்கட்டும். உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் இதை மூன்று பகுதியாகப் பிரித்தார்: தன்னிடம் கனிவு, தடுமாறுவது எல்லா மனிதருக்கும் உள்ளதுதான் என்ற நினைப்பு, வலியை மூடி மறைக்காமலும் அதிலேயே மூழ்காமலும் பார்ப்பது. இதை அளக்க அவர் உருவாக்கிய 26 கேள்விகள்தான் இன்றும் பெரும்பாலான ஆய்வுகளில் பயன்படுகின்றன. தன்னிரக்கம் வேறு, அதில் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்ற எண்ணம் இருக்கும், தன்பரிவில் அது இருக்காது.

"என்னை நானே விட்டுக்கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவேன்" என்று பயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. 2012-இல் ஜூலியானா பிரெய்ன்ஸ், செரீனா சென் இருவரும் மாணவர்களுக்குக் கடினமான சொல்லறிவுத் தேர்வு ஒன்றை வைத்தார்கள். அதில் சறுக்கியதைப் பரிவோடு பார்க்கும்படி சொல்லப்பட்டவர்கள், அடுத்த தேர்வுக்கு மற்றவர்களைவிட அதிக நேரம் படித்தார்கள். திட்டினால்தான் வேலை நடக்கும் என்பது அந்தக் குரல் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் விளம்பரம், அவ்வளவுதான்.

அந்தக் குரல் வந்த வழி

பிரிட்டிஷ் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: பசியைப் போலவே, பயம் வரும்போது பெரியவர் ஒருவரிடம் ஒட்டிக்கொள்வதும் குழந்தையின் உயிர்த்தேவை. இந்த ஒட்டுதலைத்தான் பிணைப்பு என்கிறார்கள். கூப்பிட்டால் யாராவது வருவார்களா, வரும் அளவுக்கு நான் முக்கியமானவளா என்ற இரண்டு கேள்விக்கும் அந்தக் குழந்தை அனுபவத்திலிருந்து ஒரு விடையைத் தயாரித்துக்கொள்கிறது. பேச்சு வருவதற்கு முன்பே தயாராகும் விடை என்பதால் பிற்பாடு அது ஒரு கருத்தாகத் தோன்றாது, "நான் இப்படித்தான்" என்று தோன்றும்.

அவரோடு பணியாற்றிய மேரி எயின்ஸ்வொர்த் இதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி கண்டுபிடித்தார். புதிய அறை, சில பொம்மைகள், ஏறக்குறைய ஒரு வயதுக் குழந்தை. அம்மா சில நிமிடம் வெளியே போய்த் திரும்பி வருவார். அம்மா போகும்போது குழந்தை அழுகிறதா என்பதைவிட, அவர் திரும்பி வந்ததும் என்ன செய்கிறது என்பதைத்தான் எயின்ஸ்வொர்த் உன்னிப்பாகப் பார்த்தார். சில குழந்தைகள் ஓடிவந்து ஒட்டி, தணிந்து, மறுபடி விளையாடப் போய்விடும். சில குழந்தைகள் ஒட்டிக்கொண்டே அடிக்கவும் செய்யும், எவ்வளவு தூக்கி வைத்திருந்தாலும் தணியாது. இன்னும் சில குழந்தைகள் அம்மா வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த மூன்றாவது வகையைப் பார்த்தால் "என்ன சமர்த்துக் குழந்தை!" என்று தோன்றும். ஆனால் இதயத் துடிப்பை அளந்து பார்த்தபோது அந்தக் குழந்தைகளுக்கும் படபடப்பு ஏறித்தான் இருந்தது. வெளியே காட்டினால் பலனில்லை என்று ஒரு வயதுக்குள்ளேயே கற்றுக்கொண்டிருக்கிறது. பிறகு மேரி மெயின், ஜூடித் சாலமன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் நான்காவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயத்துக்கு ஆறுதல் தரவேண்டிய ஆளே பயத்துக்கும் காரணமாக இருக்கும்போது, நெருங்கவும் முடியாமல் விலகவும் முடியாமல் உறைந்துபோகும் குழந்தைகள்.

இதில் திட்டு எங்கே வந்தது? 1940-களில் ஸ்காட்லாந்து மனப்பகுப்பாய்வாளர் ரொனால்ட் ஃபேர்பேர்ன் இதைப் பற்றி எழுதியது எனக்கு இன்றும் மிகச் சரியாகப் படுகிறது. தன்னைப் பார்த்துக்கொள்பவர் சரியில்லை என்று ஒரு குழந்தையால் முடிவுக்கு வர முடியாது, வந்தால் போக்கிடமே இல்லை. அதனால் "நான்தான் சரியில்லை" என்று எடுத்துக்கொள்கிறது. அது வலிக்கும், ஆனால் அதில் ஒரு நம்பிக்கை இருக்கிறது, நான் இன்னும் நல்ல பிள்ளையாக நடந்தால், சத்தம் போடாமல் இருந்தால், முதல் மார்க் வாங்கினால், அம்மா கோபப்படாமல் இருப்பார், அப்பா முகம் திருப்ப மாட்டார். அவர்கள் திட்டும் முன்பே நானே திட்டிக்கொண்டால் அடி கொஞ்சம் குறையும். அப்படி வந்த குரல்தான் உங்கள் அலுவலக மின்னஞ்சல்வரை கூடவே வந்திருக்கிறது.

பெண்களுக்கு மட்டும் ஏன் தனியாகச் சொல்லவேண்டும்

ஒரு வயதில் பிணைப்பின் வகைகளில் ஆண் குழந்தைக்கும் பெண் குழந்தைக்கும் பொருட்படுத்தும்படியான வித்தியாசம் தெரிவதில்லை. தன்பரிவில் தெரிகிறது: 2015-இல் ஏராளமான ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் பெண்களின் மதிப்பெண் ஆண்களைவிடச் சற்றுக் குறைவு. சற்றுத்தான், பெரிதாக்க வேண்டாம். அந்தச் சற்று நடுவில் வந்து சேர்ந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். அறைக்குள் நுழைந்ததும் யார் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கப் பழக்கப்பட்ட சிறுமி, தம்பி அழுதால் சமாதானப்படுத்தவும் அம்மா அழுதால் துணையாக உட்காரவும் வைக்கப்பட்டவள், கோபம் வந்தால் மட்டும் "பெண் பிள்ளை மாதிரியா இருக்கிறாய்" என்று கேட்கப்பட்டவள், மற்றவர் தேவையைப் படிப்பதில் கெட்டிக்காரி ஆகிறாள். தன் தேவையைப் படிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

மனச்சோர்வில் இருந்த பெண்களிடம் நீண்ட பேட்டிகள் எடுத்த உளவியலாளர் டானா ஜாக் இதற்கு ஒரு வடிவம் கொடுத்தார். உறவு கெட்டுவிடக் கூடாது என்று தன் பேச்சை அடக்கி, வெளியே இசைந்து, உள்ளே கொதித்து, தன்னை எப்போதும் அடுத்தவர் கண்ணாலேயே எடைபோடும் ஒரு முறை. இன்னொன்றும் உண்டு. பிறரிடம் மிகுந்த பரிவோடு இருப்பவர்கள் தங்களிடமும் அப்படி இருப்பார்கள் என்று நினைப்போம், ஆய்வுகளில் இந்த இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவாகவே வருகிறது. ஆகவே "நான் எல்லோருக்கும் நல்லவளாகத்தானே இருக்கிறேன்" என்பது இங்கே கணக்கில் சேராது.

தொடங்குவது: ஒரு வாரம் வெறுமனே எழுதுங்கள்

மாற்ற வேண்டாம், எழுதினால் போதும். போனில் ஒரு குறிப்புப் பக்கம் திறந்து வைத்து, மனம் உங்களைத் திட்டும்போதெல்லாம் அதே சொற்களில் எழுதுங்கள். "என்னைக் குறைத்து மதிப்பிட்டேன்" என்று பூசி எழுதக் கூடாது, "மூதேவி, உனக்கு வாயைத் திறக்காமல் இருக்கத் தெரியாதா" என்றால் அப்படியே. பக்கத்தில் இரண்டு விஷயம் குறியுங்கள்: அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அந்தக் குரலின் தொனி யாருடையதுபோல் இருக்கிறது. பல சமயம் ஆள் தெரிந்துவிடும், அவர் பயன்படுத்திய அதே சொல்கூட இருக்கும். தெரியாவிட்டாலும் பரவாயில்லை, கண்டுபிடித்தே ஆகவேண்டும் என்று குடைய வேண்டாம்.

வார முடிவில் வாசித்துப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தக் குரல் என்னை எதிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறது? யாராவது விட்டுப்போய்விடுவார்களோ என்பதிலிருந்தா, யாரையாவது சார்ந்திருக்க வேண்டிவருமோ என்பதிலிருந்தா, கண்டுபிடிக்கப்பட்டுவிடுவேனோ என்பதிலிருந்தா? எழுதியதே ஒன்றுமில்லை என்றால் அதுவும் ஒரு தகவல். அதற்குக் கீழே வருகிறேன்.

பெரியவர்களின் பிணைப்பை ஆய்வாளர்கள் இரண்டு அளவாகப் பார்க்கிறார்கள்: கைவிடப்படுவோமோ என்ற பதற்றம் எவ்வளவு, நெருக்கத்திலிருந்து விலகுவது எவ்வளவு. இரண்டிலும் எல்லோருக்கும் ஏதோ ஒரு அளவு இருக்கும், ஆளுக்கு ஆள் மாறவும் செய்யும், கணவரிடம் ஒருமாதிரி, தோழியிடம் ஒருமாதிரி. இணையத்தில் பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி "நான் இந்த வகை" என்று நெற்றியில் ஒட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. எந்தப் பக்கம் சாய்கிறீர்கள் என்று மட்டும் தெரிந்தால் போதும்.

பதற்றப் பக்கம் சாய்பவர்களுக்கு

செய்தி அனுப்பினீர்கள், பார்த்ததற்கான நீல டிக் வந்துவிட்டது, பதில் இல்லை. நாற்பது நிமிடத்தில் மனம் மூன்று கட்டம் தாண்டிவிடும்: அவளுக்கு என்னவோ ஆகிவிட்டது, இல்லை என்மேல் கோபம், இல்லை நான் எப்போதுமே ஒரு தொல்லைதான். அப்புறம் "ஸாரி, ஏதாவது தப்பாகச் சொல்லிவிட்டேனா?" என்று இன்னொரு செய்தி. பதற்றம் அதிகமுள்ளவர்களிடம் தன்பரிவு குறைவு என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருவது. ஆறுதல் எப்போதும் வெளியிலிருந்துதான் வரும் என்று உடம்பு நம்புகிறது, வராத ஒவ்வொரு நிமிடமும் நமக்கு எதிரான சாட்சியமாகிவிடுகிறது.

இங்கே செய்யவேண்டியது ஒரு இடைவெளி. போனைக் கவிழ்த்து வைத்து, ஒரு கையை நெஞ்சிலோ இன்னொரு கையின் மேலோ வைத்து, நடந்ததையும் உணர்வையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: "பதில் வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது." "நான் தொல்லை" என்பது இந்த இரண்டில் எதிலும் இல்லை, கவனித்தீர்களா? பிறகு ஒரு வரி: "பதிலுக்குக் காத்திருக்கும்போது பலருக்கும் இப்படித்தான் இருக்கும்." ஐந்து நிமிடம் கழித்தும் கேட்கவேண்டும்போல் இருந்தால் கேளுங்கள், ஆனால் நேராக: "இன்று பேச முடியுமா? மனசு சரியில்லை." கேட்பதை நிறுத்தச் சொல்லவில்லை. உங்களை மட்டம்தட்டி, "நீ அப்படியெல்லாம் இல்லை" என்று எதிராளி சொல்லக் காத்திருக்கும் அந்தச் சுற்றுவழியைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். அப்படிக் கிடைக்கும் ஆறுதல் அரைமணி நேரம்கூடத் தாங்காது.

விலகும் பக்கம் சாய்பவர்களுக்கு

எழுதச் சொன்ன வாரத்தில் ஒன்றுமே எழுதாதவர்கள் பெரும்பாலும் இங்கே இருப்பார்கள். "நான் என்னைத் திட்டுவதே இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறேன்." இவர்கள் விஷயத்தில் ஆய்வு முடிவுகளும் ஒரேமாதிரி வருவதில்லை, "நன்றாக இருக்கிறேன்" என்பதைக் கேள்வித்தாளிலும் அப்படியே எழுதிவிடுவது ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். இவர்களிடம் கடுமை சொல்லாக வராது, செயலாக வரும். காய்ச்சலோடு முழு நாள் வேலை. பிரசவம் முடிந்து உதவிக்கு வந்தவரை "எதற்குச் சிரமம்" என்று திருப்பி அனுப்புவது. அழுகை வரும்போது எழுந்துபோய் அலமாரியை அடுக்குவது.

உங்களுக்குக் கடிதம் எழுதும் பயிற்சியும் கண்ணாடிப் பேச்சும் வேண்டாம், கூச்சத்தில் இரண்டாம் நாளே விட்டுவிடுவீர்கள். உடம்பிலிருந்து தொடங்குங்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை நின்று கேளுங்கள்: பசிக்கிறதா, களைப்பா, எங்கேயாவது வலிக்கிறதா? பதிலுக்கு ஏற்ப ஒன்றைச் செய்யுங்கள், உட்காருவது, தண்ணீர் குடிப்பது, இன்றைய பட்டியலில் ஒன்றை அடிப்பது. இதற்குப் பெயர் தன்பரிவு என்று சொல்லிக்கொள்ளக்கூட வேண்டாம். அடுத்த கட்டம்தான் கடினம்: வாரத்துக்கு ஒருமுறை, நீங்களே செய்துகொள்ளக்கூடிய ஒரு சின்ன வேலைக்கு யாரிடமாவது உதவி கேளுங்கள். அவர்கள் செய்து முடித்ததும் உடனே பதிலுக்கு ஏதாவது செய்து கணக்கைத் தீர்க்காமல், நன்றி மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அந்தச் சும்மா இருத்தலில் ஒரு நெளிவு வரும் பாருங்கள், அதுதான் பயிற்சி நடக்கும் இடம்.

கனிவே பயமாக இருப்பவர்களுக்கு

யாராவது அன்பாக ஒரு வார்த்தை சொன்னால் தொண்டை அடைக்கிறது, உடனே அங்கிருந்து போய்விடத் தோன்றுகிறது, இல்லை "இவருக்கு என்னிடம் என்ன வேண்டும்?" என்று சந்தேகம் வருகிறது என்றால், மேலே சொன்ன இரண்டையும் நிதானமாக எடுத்துக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் உளவியலாளர் பால் கில்பர்ட் நம் உணர்வுகளை மூன்று அமைப்பாகச் சொல்வார்: ஆபத்தைக் கவனிப்பது, எதையாவது அடையத் துரத்துவது, அமைதியாகி ஆறுதல் கொள்வது. சிறுவயதில் ஆறுதலும் ஆபத்தும் ஒரே ஆளிடமிருந்து வந்திருந்தால் மூன்றாவதைத் தொட்டதும் முதலாவது அலறும். உளவியலாளர் கிறிஸ்டோபர் கெர்மர் இதைத் தீயணைப்பு வீரர்களின் அனுபவத்தோடு ஒப்பிட்டார்: மூடிய அறைக்குள் கனன்றுகொண்டிருக்கும்போது கதவைத் திறந்தால், காற்று உள்ளே பாய்ந்து நெருப்பு வெளியே சீறும். கனிவு உள்ளே வரும்போது பழைய வலி வெளியே வருவதும் அப்படித்தான். பயிற்சி தப்பாகப் போய்விட்டது என்று இதற்கு அர்த்தம் இல்லை, ஆனால் அளவைக் குறைக்க வேண்டும்.

எவ்வளவு குறைக்க வேண்டும்? கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், பாதம் தரையில் படுவதைக் கவனியுங்கள், பத்து நொடி போதும். உங்களுக்கே நல்லது சொல்ல முடியாவிட்டால் நீங்கள் நேசிக்கும் ஒரு குழந்தையையோ வளர்ப்பு நாயையோ நினைத்துக்கொள்ளுங்கள், அந்த நினைப்பில் முகம் எப்படித் தளர்கிறது என்று பாருங்கள், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படபடப்பு ஏறினால் எழுந்து நடங்கள், கை கழுவுங்கள், வேறு வேலை பாருங்கள். அன்றைக்குப் பயிற்சியை விட்டுவிடுவதும் கனிவுதான்.

கோபத்தை ஒதுக்காதீர்கள்

தன்பரிவு என்றாலே மென்மையான குரல், மெழுகுவர்த்தி, வெந்நீர்க் குளியல் என்று ஒரு படம் உருவாகிவிட்டது. பெண்களுக்கு இது ஒருவகையில் இன்னொரு "நல்ல பெண்" வேடம். ஜெஃப்ரி யங் உருவாக்கிய ஸ்கீமா சிகிச்சையில் சிறுவயதில் வேரூன்றும் 18 மனப்போக்குகளின் பட்டியல் உண்டு, அதில் தன்னைத் தியாகம் செய்துகொண்டே இருப்பதும் ஒன்று. அதன் அடியில் பெரும்பாலும் கோபம்தான் இருக்கும். வாய்விட்டுச் சொல்லாத எரிச்சல், திடீரென்று சின்ன விஷயத்துக்கு வெடிப்பது, காரணம் தெரியாத தலைவலி என்று அது எட்டிப்பார்க்கும். ஆகவே ஒரு பயிற்சி: அடுத்தமுறை யாராவது ஒன்றைச் செய்யச் சொல்லும்போது வாய் "சரி" என்று சொல்லும் முன் உடம்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். தோள் இறுகினால் "யோசித்துவிட்டுச் சொல்கிறேன்" போதும். அதன்பிறகு "முடியாது" என்று சொல்லும்போது காரணங்களை அடுக்காதீர்கள், ஒரு காரணம் போதும், இல்லாவிட்டாலும் பரவாயில்லை. குற்ற உணர்வு கட்டாயம் வரும், ஓரிரு நாள் இருக்கும், அதை வைத்துக்கொண்டே இருந்து பாருங்கள். அதைத் தணிக்க ஓடிப்போய் இரண்டு மடங்கு வேலை செய்தால் பழைய கணக்கே தொடரும்.

மறுபடி திட்டிவிட்டால்

திட்டுவீர்கள். கைக்குழந்தைகளையும் தாய்மார்களையும் நெருக்கமாகப் படம்பிடித்து ஆராய்ந்த எட்வர்ட் ட்ரோனிக், நன்றாகப் போகும் உறவுகளில்கூட இருவரும் ஒத்திசைவாக இருக்கும் நேரம் ஏறக்குறைய 30 சதவீதம்தான் என்று கண்டார். மீதி நேரம் தவறவிடுவதும் திரும்ப வந்து சேருவதும்தான். அந்தத் திரும்ப வருதல்தான் குழந்தைக்கு நம்பிக்கையைத் தருகிறது. உங்களோடு உங்களுக்கு உள்ள உறவிலும் இதே கணக்குப் போதும். திட்டியதைக் கவனித்த அந்த நிமிடம், காலையில் திட்டியதை ராத்திரிதான் கவனித்தீர்கள் என்றாலும், "அது கொஞ்சம் அதிகம். நடந்தது இதுதான், நாளைக்குச் செய்யவேண்டியது இதுதான்" என்று சொல்லிவிட்டால் திரும்ப வந்தாயிற்று.

இதைப் படிக்கும் அம்மாக்களில் சிலர் இந்நேரம் "அப்போ என் பிள்ளைக்கும் நான் இதைத்தான் கொடுத்திருக்கிறேனா" என்று ஆரம்பித்திருப்பீர்கள். அதே 30 சதவீதம் உங்களுக்கும் பொருந்தும். கத்திவிட்டீர்கள் என்றால் போய் "அம்மா கத்தினது தப்பு, நீ பயந்துபோயிட்ட இல்ல?" என்று கேளுங்கள். உங்கள் அம்மாவைக் கூண்டில் ஏற்றவும் இந்தக் கோட்பாட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். ஆரம்பகால ஆய்வுகள் அம்மாவை மட்டுமே பார்த்தன, அப்பா எங்கே போனார், வீட்டில் பணம் இருந்ததா, அம்மாவுக்கு யார் துணை என்று அதிகம் கேட்கவில்லை. அதேசமயம் நடந்தது வலித்தது என்று சொல்ல அவரைக் குற்றவாளியாக்க வேண்டியதும் இல்லை, அவரை மன்னிக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

சிறுவயதில் பாதுகாப்பான பிணைப்பு அமையாமல் பிற்பாடு ஒரு நல்ல துணை, நம்பகமான தோழி, நல்ல சிகிச்சையாளர் மூலம் அதை அடைந்தவர்கள் உண்டு, ஆய்வுலகில் இவர்களுக்குத் தனிப் பெயரே இருக்கிறது: ஈட்டிய பாதுகாப்பு. ஆகவே தனியாகவே எல்லாவற்றையும் சரிசெய்துவிட வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். சிறுவயதில் அடியோ அத்துமீறலோ நடந்திருந்தால், பயிற்சியின்போது மனம் மரத்து நீங்கள் எங்கோ தொலைவில் இருப்பதுபோல் ஆனால், சாகவேண்டும் என்ற எண்ணமோ தன்னையே காயப்படுத்தும் எண்ணமோ வந்தால், இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். சாகும் எண்ணம் என்றால் இன்றைக்கே, நம்பும் ஒருவரிடம் சொல்லி அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மற்றபடி முதல் சந்திப்பிலேயே எல்லாக் கதையும் சொல்லவேண்டியதில்லை. பிணைப்பு சார்ந்தும் சிறுவயது அதிர்ச்சி சார்ந்தும் வேலை செய்த அனுபவம் உண்டா என்று கேளுங்கள், அந்த ஒரு வாரக் குறிப்பைக் காட்டுங்கள். நான்கைந்து முறை போயும் அவர் முன்னால் "நல்ல நோயாளி" ஆக நடிக்கத்தான் தோன்றுகிறது என்றால் அதை அவரிடமே சொல்லிப் பாருங்கள். அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதை வைத்து, தொடர்வதா வேறு ஆளைத் தேடுவதா என்று முடிவெடுக்கலாம்.